சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஜெல்லிஃபின் சர்வரை வெளியூரில் ஓடவைத்தது

மதுரையில் வீட்டு அலமாரியில் ஒரு ஜெல்லிஃபின் சர்வர், அதாவது நம் வீடியோக்களை மற்றச் சாதனங்களுக்கு அனுப்பும் கணினி. அதைப் பார்க்க வேண்டியவை சிங்கப்பூரில் ஒரு எல்ஜி டிவி, சென்னையில் இரண்டு ஆண்ட்ராய்டு போன்கள். வீட்டு வைஃபைக்குள் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது, வெளியிலிருந்து மட்டும் எட்டவில்லை; ஒரே பொது ஐபியை இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிடும் சிஜிநாட்தான் காரணம். இப்போது மூன்றிலும் படம் ஓடுகிறது. என்னென்ன செய்தது, எங்கே அடைத்தது, எவ்வளவு ஆனது என்பது கீழே. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: டனல் (வீட்டுக்கும் வெளிக்கும் நடுவே ஒரு மறையாக்கிய இணைப்பு) போட்டு, உள்நுழைவுப் பக்கம் வெளியூரில் திறந்தால் பாதி வேலைதான் முடிந்தது. படம் நிற்காமல் ஓட வேண்டியது மீதிப் பாதி, அதிகம் உழைப்பு கேட்பதும் அதுதான்.

சர்வர் ஒரு இன்டெல் என்100 மினி பிசி, 16 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ, டெபியன் 12. படங்கள் 4 டிபி வெளி ஹார்டு டிஸ்க்கில். உள்ளே இருப்பது பெரும்பாலும் குடும்பச் சரக்கு: கல்யாண டிவிடிகள், பழைய கேம்கார்டர் பதிவுகள், போனில் எடுத்த வீடியோக்கள், கச்சேரிப் பதிவுகள். இந்தப் பட்டியல் முக்கியம், ஏனென்றால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இந்தக் கோப்புகளின் தன்மையால் வந்தவை.

முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் உள்ள வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி). அதையும், பிரவுசரில் தேடினால் காட்டும் பொது ஐபியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி அழைப்பை ரவுட்டர் வீட்டுச் சர்வருக்குத் திருப்புவது) வேலை செய்யும். வேறாக இருந்து, வான் ஐபி 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் விழுந்தால் அது சிஜிநாட். இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்வரிசை அது. சில நிறுவனங்கள் 10-இல் தொடங்கும் எண்ணையும் தருகின்றன, அதுவும் இதே கதைதான். இந்த நிலையில் ரவுட்டரில் ஜெல்லிஃபின் போர்ட்டான 8096-ஐ எத்தனை விதமாகத் திறந்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் பெட்டியிலேயே நின்றுவிடும், வீட்டு ரவுட்டருக்கு வந்தே சேராது. மாறும் ஐபிக்கு நிலையான பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ் சேவைகளும் இதைத் தீர்க்காது.

இதைத் தாண்ட மூன்று வழி. கட்டணம் கட்டி நிலையான பொது ஐபி வாங்கலாம். உள்ளூர் ஃபைபர்காரர்கள் சிலர் தருவார்கள், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஐபிவி6 (ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிப் பொது முகவரி தரும் புதிய முறை) இருந்தால் நாட் (ஒரே முகவரியைப் பங்கிடும் முறை) தேவையே இல்லை. ஆனால் நிறுவனம் கொடுத்த பெட்டியில் ஐபிவி6 ஃபயர்வாலைத் திறக்கும் வசதி பல நேரம் இருப்பதில்லை, எதிர்முனையிலும் ஐபிவி6 இருந்தாக வேண்டும். மூன்றாவது, வீட்டிலிருந்தே வெளியே ஒரு இணைப்பைத் தொடங்கி, அதன் வழியாகவே திரும்பி வருவது. நம் வீடுகளில் நம்பி இறங்கக்கூடியது இதுதான்.

போன்களுக்கு டெய்ல்ஸ்கேல்

சென்னைப் போன்களுக்கு, சாதனங்களைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற சேவை போதும். சர்வரிலும் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் உள்நுழைந்தால் சர்வருக்கு 100-இல் தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். ஜெல்லிஃபின் செயலியில் அந்த முகவரியோடு 8096-ஐச் சேர்த்துக் கொடுத்தால் முடிந்தது. தனிப்பட்ட பயனுக்குக் காசு இல்லை.

நிறுவியதும் இரண்டு காரியம் செய்துவிட வேண்டும். ஒன்று, நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் சாவிக் காலாவதியை நிறுத்துவது. இயல்பாக அது 180 நாள். நிறுத்தாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒருநாள் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், சர்வர் மட்டும் காணாமல் போயிருக்கும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அது நடந்தால் போனில் வழிசொல்லிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

மற்றொன்று, இணைப்பு நேரடியா, ரிலே வழியாகவா என்று பார்ப்பது. டெய்ல்ஸ்கேலின் பிங் கட்டளையைச் சர்வரிலிருந்து போனுக்குக் கொடுத்தால், பதிலில் எதிர்முனையின் ஐபியும் போர்ட்டும் வந்தால் நேரடி. டெர்ப் என்று ஊர்க் குறியோடு வந்தால் அவர்களுடைய ரிலே சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது. இரு பக்கமும் கடினமான நாட் இருந்தால் இப்படித்தான் ஆகும். ரிலேயில் பாட்டு கேட்கலாம், வீடியோ திணறும். வீட்டு ரவுட்டரில் ஐபிவி6-ஐ இயக்கியதும் இங்கே நேரடியாகிவிட்டது, மொபைல் டேட்டாவிலும் ஐபிவி6 இருப்பதால். போன் இணைப்புகளைப் பொறுத்தவரை ஐபிவி6-ஐ அணைத்து வைத்திருப்பது வீண் என்பதே என் கருத்து.

டிவிக்கு விபிஎஸ்

எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸில் ஜெல்லிஃபின் செயலி உண்டு, டெய்ல்ஸ்கேல் கிடையாது. ஆண்ட்ராய்டு டிவியோ ஆப்பிள் டிவியோ இருந்தால் இரண்டுமே கிடைக்கும், இந்தப் பகுதியே தேவைப்படாது. பெரியவர்கள் ஒரே ரிமோட்டில் பழகிய டிவி என்பதால் கூடுதல் பெட்டி வைப்பதைத் தவிர்க்க வேண்டியிருந்தது. எனவே நடுவில் ஒரு சிறு வாடகை சர்வர் (விபிஎஸ்): பெங்களூரு மையத்தில் 1 கோர், 1 ஜிபி ராம், மாதம் 1 டிபி தரவு. ஜிஎஸ்டி சேர்த்து மாதம் சுமார் ₹600. வீட்டு மினி பிசி வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளின் டனல் வழியாக இதோடு பேசும். டிவி சாதாரண எச்டிடிபிஎஸ் முகவரிக்கு வரும், விபிஎஸ்ஸில் உள்ள கேடி என்ற வெப் சர்வர் அதை டனலுக்குள் அனுப்பும்.

ஊர்த் தேர்வில் கவனம் வேண்டும். மதுரைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இருக்க வேண்டியதை ஐரோப்பாவில் விலை குறைவென்று எடுத்தால், ஒவ்வொரு துண்டும் கடல் தாண்டி இரண்டு முறை சுற்றும். வாங்குமுன் வீட்டிலிருந்தும் எதிர்முனையிலிருந்தும் அந்த மையத்துக்குப் பிங் பாருங்கள். தமிழ்நாட்டுச் சிறு நிறுவனங்கள் சில மும்பை வழியாகச் சுற்றி அனுப்புவதால் வரைபடத்துத் தூரத்தை நம்ப முடியாது.

தரவுக் கணக்கு எளிது. நொடிக்கு 8 மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி. 1 டிபியில் 270 மணி நேரத்துக்கு மேல் வரும். வெளியே போகும் தரவை மட்டும் கணக்கிடும் நிறுவனமா, இரு பக்கமும் கணக்கிடுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரு பக்கமும் என்றால் அதில் பாதிதான்.

வயர்கார்டு 2020-இலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, டெபியனில் அதன் கருவித் தொகுப்பை மட்டும் நிறுவினால் போதும். விபிஎஸ்ஸுக்கு 10.10.0.1, வீட்டுக்கு 10.10.0.2. விபிஎஸ் யுடிபி 51820-இல் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டுப் பக்க அமைப்பில் கவனிக்க வேண்டியவை மூன்று.

பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 கட்டாயம். சும்மா கிடக்கும் யுடிபி இணைப்பை சிஜிநாட் பெட்டி சீக்கிரமே மறந்துவிடும், அப்புறம் விபிஎஸ் எத்தனை முறை கூப்பிட்டாலும் வீட்டுக்குப் போகாது. 25 நொடிக்கு ஒருமுறை வீட்டிலிருந்து ஒரு சிறு பாக்கெட் போனால் வழி திறந்தே இருக்கும். அனுமதித்த ஐபிகள் என்ற வரியில் 10.10.0.1/32 மட்டும் போடுங்கள். பல மாதிரிகளில் இருப்பது போல 0.0.0.0/0 போட்டால் மினி பிசியின் அப்டேட், பேக்கப் எல்லாமே பெங்களூரு வழியாகப் போய் மாதத் தரவைத் தின்றுவிடும். எண்ட்பாயின்ட்டில் டொமைன் பெயர் வேண்டாம், விபிஎஸ்ஸின் ஐபியையே எழுதுங்கள். கரண்ட் போய் வந்ததும் மினி பிசி ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டி இன்னும் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெயரைத் தேடினால் கிடைக்காது, டனல் தொடங்கும் வேலை அங்கேயே தொங்கும்.

விபிஎஸ்ஸில் திறந்திருக்க வேண்டியவை யுடிபி 51820, டிசிபி 80, 443, எஸ்எஸ்எச். லினக்ஸ் ஃபயர்வாலில் திறந்தும் வரவில்லை என்றால், விபிஎஸ் நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்தில் இன்னொரு ஃபயர்வால் இருக்கும், பாருங்கள். டனல் உயிரோடு இருக்கிறதா என்பதை வயர்கார்டின் நிலைக் கட்டளை காட்டும். கடைசிக் கைகுலுக்கல் இரண்டு நிமிடத்துக்குள் என்றிருந்தால் சரி. அனுப்பியது மட்டும் ஏறிக்கொண்டு, பெற்றது பூஜ்யமாகவே இருந்தால் சாவி மாறியிருக்கிறது அல்லது ஃபயர்வால் மறிக்கிறது.

கேடியின் அமைப்புக் கோப்பு மூன்று வரிதான்: டொமைன் பெயர், ரிவர்ஸ் பிராக்ஸி (வரும் அழைப்பை உள்ளே இருக்கும் சர்வருக்குக் கடத்துவது) 10.10.0.2-இன் 8096-க்கு, மூடும் அடைப்பு. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை அதுவே வாங்கி, அதுவே புதுப்பித்துக்கொள்ளும். டொமைனுக்கு ஆண்டுக்கு ₹900 அளவில். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: சான்றிதழ் வாங்கும் ஒவ்வொரு பெயரும் பொதுப் பதிவேட்டில் ஏறும். மீடியா என்றோ ஜெல்லிஃபின் என்றோ துணைப்பெயர் வைத்தால் சில நிமிடங்களிலேயே கதவைத் தட்டும் பாட்கள் கேடியின் பதிவில் வரிசைகட்டும். டிஎன்எஸ் சரிபார்ப்பு வழியாக வைல்ட்கார்டு சான்றிதழ் வாங்கினால் துணைப்பெயர் வெளியே தெரியாது. மிகப் பழைய டிவிகளில் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியான வேர்ச்சான்றிதழை மட்டும் நம்புபவை உண்டு. அவற்றில் பாதுகாப்புப் பிழைதான் வரும், டிவி மென்பொருளைப் புதுப்பித்துப் பார்ப்பதே வழி.

படம் ஓடவில்லை

உள்நுழைவுப் பக்கம் சிங்கப்பூர் டிவியில் உடனே வந்துவிட்டது. போஸ்டர்களும் வந்தன. கச்சேரிகள் ஓடின. கல்யாண வீடியோ மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது, போனில் எடுத்தவை ஓடி, நின்று, ஓடின. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் அட்டையைத் திறந்து பார்த்ததும் போன் வீடியோவின் கதை தெரிந்தது. பார்ப்பவரின் ஐபி 10.10.0.1 என்றிருந்தது. அது சிங்கப்பூர் அல்ல, விபிஎஸ்ஸின் டனல் முனை. ஜெல்லிஃபினில் உள் வலையமைப்பு என்ற கட்டம் காலியாக இருந்தால் 10, 172.16, 192.168 வரிசைகள் எல்லாவற்றையும் வீட்டுக்குள் இருப்பவையாக எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருப்பவருக்கு இணைய வேக வரம்பு பொருந்தாது. ஆகவே 8 மெகாபிட் என்று போட்டு வைத்திருந்த வரம்பைக் கண்டுகொள்ளாமல் மூலக் கோப்பையே அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஐபோனில் 4கே, 60 ஃபிரேமில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி, அதாவது நொடிக்கு 53 மெகாபிட். அது கடல் தாண்டிச் சீராகப் போகாது.

சரிசெய்ய, நெட்வொர்க் பக்கத்தில் இரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும். அறிந்த பிராக்ஸிகள்: 10.10.0.1. உள் வலையமைப்புகள்: 192.168.1.0/24 மட்டும். சேமித்து ஜெல்லிஃபினை மறுதொடக்கம் செய்ததும் அட்டையில் சிங்கப்பூர் ஐபி வந்தது, அடுத்த வீடியோவிலேயே டிரான்ஸ்கோட் (ஓடும்போதே வீடியோவைச் சிறிதாக மாற்றுவது) தொடங்கி 8 மெகாபிட்டில் நின்றது. இது வேகத்துக்கு மட்டுமான வேலை அல்ல. நிர்வாகிக் கணக்கில் தொலைவிலிருந்து இணைய அனுமதி என்ற குறியை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு வீட்டுக்குள்ளிருந்து மட்டுமே திறக்கும். ஆனால் சர்வர் எல்லோரையும் வீட்டுக்குள் இருப்பதாக நினைத்தால் அந்தப் பூட்டுக்கு அர்த்தமே இல்லை. தவறான கடவுச்சொல் அடிக்கும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே: யாரோ தவறான கடவுச்சொல் அடித்தால், பிராக்ஸியின் ஐபியே தடைபட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள்.

கல்யாண வீடியோவுக்கு வருவோம். நம்மூர் டிவிடி என்றால் 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதி வரிகளாக), எம்பெக்-2. டிவி செயலி அதை நேரடியாக ஓட்டாததால் சர்வர் ஒவ்வொரு முறையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். வன்பொருள் முடுக்கம் இயங்காமல், அந்த வேலை முழுக்கச் சிபியு மேல் விழுந்திருந்தது. காரணம் இரண்டு: ஜெல்லிஃபின் பயனர் ரெண்டர் குழுவில் (கிராபிக்ஸை அணுக உரிமை உள்ள பயனர் குழு) இல்லை, டெபியன் 12-இன் நான்-ஃப்ரீ (மூலநிரல் திறக்கப்படாத) ஃபர்ம்வேர் தொகுப்பு நிறுவப்படவில்லை. இரண்டையும் செய்து, பிளேபேக் பக்கத்தில் இன்டெலின் வன்பொருள் முடுக்கமான குயிக் சிங்க்கைத் தேர்ந்ததும் என்100 சிரமமில்லாமல் மாற்றுகிறது. தற்காலிக டிரான்ஸ்கோட் கோப்புறை என்விஎம்இயில் இருக்கட்டும், யுஎஸ்பி டிஸ்க்கில் வேண்டாம்.

இருந்தாலும் டிவிடிகளை முன்கூட்டியே மாற்றி வைப்பதுதான் சரி. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.264, தரம் 20, டிஇன்டர்லேஸுக்குப் பிவ்டிஃப் பாப் முறை. பாப் போட்டால் 25 ஃபிரேம் 50 ஆகும். நாதஸ்வரக்காரர்களுக்கு முன்னால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியை இரண்டு விதமாகவும் மாற்றிப் பாருங்கள். 25-இல் வெட்டி வெட்டி நகரும், 50-இல் டேப்பில் பார்த்தது போலவே வழுக்கிக்கொண்டு போகும். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

தமிழ் வசன வரிகள் வைத்திருப்பவர்களுக்கு: வரிகளைப் படத்தோடு எரித்து அனுப்பும்போது சர்வரில் உள்ள எழுத்துருவைத்தான் ஜெல்லிஃபின் எடுக்கும். புது டெபியனில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் சரியாகும். எஸ்ஆர்டி கோப்பு யுடிஎஃப்-8-இல் இருக்க வேண்டும்.

இரவில் மட்டும் திணறியது

எல்லாம் முடிந்தும் சிங்கப்பூரில் இரவு நேரத்தில் படம் நின்றது. வேகச் சோதனைத் தளங்கள் வீட்டில் 90 மெகாபிட்டுக்கு மேல் அப்லோட் காட்டின. அவை ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கின்றன, வீடியோ ஒரே டிசிபி இணைப்பில் போகிறது. அளக்க வேண்டிய கருவி ஐபெர்ஃப்3, ஒற்றை இணைப்பில், இரண்டு தடத்தையும் தனித்தனியாக. வீட்டிலிருந்து விபிஎஸ்ஸுக்குப் பிரச்சினை இல்லை. விபிஎஸ்ஸிலிருந்து சிங்கப்பூருக்குத்தான் இரவில் சரிந்தது. வழியில் சில பாக்கெட்டுகள் விழுந்தாலே லினக்ஸின் இயல்பான கியூபிக் முறை வேகத்தைச் சட்டென்று குறைத்துவிடும். விபிஎஸ்ஸில் டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டை பிபிஆர் ஆக மாற்றி, வரிசை முறையை எஃப்கியூ ஆக்கியதும் அந்தத் திணறல் நின்றது. கெர்னல் 4.9-இலிருந்து உள்ள வசதி, இரண்டு வரிதான். பிராக்ஸி நடுவில் இருப்பதால் டிவிக்கு அனுப்புவது விபிஎஸ், எனவே மாற்றம் அங்கேதான் வேண்டும். வீட்டு சர்வரில் மட்டும் மாற்றினால் டிவிக்கு ஒன்றும் தெரியாது.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பற்றியும் சொல்ல வேண்டும். பக்கம் பாதி வந்து உறைந்து போகிறது, பிங் மட்டும் நன்றாகப் போகிறது என்றால் அதுதான். வயர்கார்டின் இயல்பு எண் 1420. ஐபிவி4 எண்ட்பாயின்ட் என்றால் 60 பைட் சேர்ந்து 1480, பிபிபிஓஇ (பயனர் பெயரோடு உள்நுழையும் இணைப்பு) தரும் 1492-க்குள் அடங்கும். ஐபிவி6 என்றால் 80 சேர்ந்து 1500, அடங்காது. அப்போது 1412 போட வேண்டும். கணக்குப் பார்க்க மனமில்லாதவர்கள் இரு முனையிலும் 1380 போட்டுவிடலாம், வேகத்தில் வித்தியாசம் தெரியாது.

கரண்ட் போனால்

பராமரிப்பு மின்தடை நாளில்தான் முழு அமைப்பும் சோதனைக்கு வரும். பயாஸில் மின்சாரம் வந்ததும் தானே எழும் அமைப்பை இயக்குங்கள். வெளி டிஸ்க்கை யுயுஐடி (டிஸ்க்கின் தனி அடையாள எண்) கொண்டு, நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடங்கு) சேர்த்து மவுன்ட் செய்யுங்கள். அது இல்லாமல் டிஸ்க் எழத் தாமதமானால் டெபியன் அவசர நிலையில் போய் நிற்கும், எஸ்எஸ்எச் கூட வராது. ஜெல்லிஃபின் சேவைக்கு அந்த மவுன்ட் வந்த பிறகே தொடங்கு என்ற விதியையும் சேர்க்க வேண்டும். இல்லையெனில் காலிக் கோப்புறையைப் பார்த்துவிட்டு நூலகப் பட்டியலை அழித்துவிடக்கூடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மினி யுபிஎஸ் வாங்குமுன் அதில் யுபிஎஸ் நிலைக்கான சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் மாறும் நேரத்தில் மினி பிசி அணைந்துவிடும், யுபிஎஸ் நிலையில் தாக்குப்பிடிக்கும். மினி பிசியும் டிஸ்க்கும் சேர்ந்து 15 வாட் அளவில்தான் இழுக்கின்றன, இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 22 யூனிட்.

அடுத்து செய்யப்போவது டிவிக்கான கணக்கைத் தவிர மற்ற எல்லாக் கணக்குகளையும் டெய்ல்ஸ்கேல் பக்கம் மட்டும் விட்டு, பொது முகவரியில் அவற்றை மறிப்பது. ஜெல்லிஃபினில் சில முகவரிகள் உள்நுழையாமலேயே பதில் தரும் குறை வெளிப்படையாகவே பதிவாகியிருக்கிறது. அதனால் பொது இணையத்தில் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. சிங்கப்பூர் டிவியை எப்போதாவது மாற்றினால் ஆண்ட்ராய்டு டிவியாக வாங்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு விபிஎஸ்ஸை மூடிவிடலாம், மாதம் ₹600 மிச்சம்.